மூச்சு வாங்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குடியிருப்பில் எந்தக் குழந்தைக்கும் ஆஸ்துமா கிடையாது. வெறும் சளி, எங்கள் பாஷையில் ஜல்புதான். கைக்குழந்தைக்கு ஜல்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஜல்பு, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜல்பு. ஆஸ்துமா என்று வாய்விட்டுச் சொன்னால் அது வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதிலும் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "நாளிக்கு பொண்ணு கேட்டு வர்றவனுக்கு இன்னா பதில் சொல்றது?" என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருக்கும்.

என் மகளுக்கும் ஜல்புதான். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மூச்சை வெளியே விடும்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும். நான் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க லாரி ஹாரனும் கிரேன் சத்தமும் கேட்டுக் காது மரத்துப் போனவன். பக்கத்தில் நின்று கத்தினால்கூட எனக்குக் காதில் விழாது என்பாள் என் மனைவி. ஆனால் அந்த விசில் மட்டும் அடுத்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடும்.

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். ஒரு ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிகள். இன்னொரு ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் லாரி வரிசை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வீட்டுல தூசி இருக்குமா?" என்று கேட்டதும் என் மனைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வூட்லயா? மூணு வேளையும் தொடைக்கிறேன் டாக்டர். தரையில சோத்தப் போட்டு துண்ணலாம்" என்றாள். பொய்யில்லை. துடைத்த துணியைப் பிழிந்தால் மூன்று வேளையும் கறுப்பாக வரும் தண்ணீரைப் பற்றி டாக்டரம்மா கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தியே வையுங்கள் என்று சொல்லி, வாயில் வைத்து அடிக்கும் நீல நிற பம்பு ஒன்றும் அதைப் பொருத்த நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

பம்புக்கு அடங்காத நாட்களும் உண்டு. அப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவது என்பது பேச்சுக்குத்தான். லாரி வரிசை நகர்ந்தால் ஆட்டோ நகரும். டோல்கேட் வருவதற்குள் குழந்தையின் உதடு நிறம் மாறிவிடும். மடியில் அவளை வைத்துக்கொண்டு வழியில் தென்பட்ட மாதா கோயில், தர்கா, அம்மன் கோயில் எதையும் நான் கும்பிடாமல் விட்டதில்லை. ஆனால் அந்தச் சாமிகளும் எனக்கு உதவ வருவதென்றால் அதே லாரிகளுக்குப் பின்னால்தான் வர வேண்டியிருந்தது.

அதனால்தான் நாங்கள் ஒரு கிளினிக் கேட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அதில் ஆவி வைக்கிற மெஷின் ஒன்று, ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, ஒரு நர்ஸ். அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை என்னிடம்தான் இருந்தது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி எனக்கு இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறாத அரசாங்க ஆபீஸ் படியில்லை. கடைசியில் ஓர் அதிகாரி இறங்கி வந்தார். பக்கத்திலிருக்கும் கம்பெனி ஒன்று ஊருக்கு நல்லது செய்வதற்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறதாம். முதலில் ஒரு மருத்துவ முகாம் நடத்துவார்களாம். "நெஞ்சுப் பிரச்சினை உள்ள குழந்தைங்க நிறைய இருக்காங்கன்னு முகாம்ல தெரிஞ்சா கிளினிக் வந்துடும். நான் பொறுப்பு" என்றார் அதிகாரி.

நிறைய என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் இதற்குப் பஞ்சமில்லை. சட்டியில் நிரம்பி வழிகிறது, அகப்பையில் வராமலா போய்விடும் என்று தைரியமாக இருந்தேன்.

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் நான் கீழே இறங்கிவிட்டேன். இறங்குவதற்கு முன் மகளைப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசில் நன்றாகவே கேட்டது. மற்ற நாளாயிருந்தால் உடனே பம்பை எடுத்திருப்பேன். அன்றைக்கு, பரவாயில்லை, சரியான நாளில்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். ஒரு தகப்பனை எந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன், டாக்டருக்கு மின்விசிறி எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தேன். கம்பெனியும் தன் பங்குக்கு முதல் நாளே சாலையெல்லாம் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்கியிருந்தது. எங்கள் தெருவை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. வேறு யாருடைய ஊருக்கோ வந்துவிட்டது போல இருந்தது.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த பையன் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகம் நிறைய பவுடர் பூசி, பொங்கலுக்கு எடுத்த சட்டை போட்டு வந்தான். கன்னத்தைத் தட்டி உட்கார வைத்தேன். அடுத்து வந்தவளுக்குப் பட்டுப் பாவாடை. அதற்கடுத்து வந்த இரட்டையர்களுக்கு ஷூ, சாக்ஸ். சிறிது நேரத்தில் பந்தல் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. வெளியாள் முன்னால் போய் நிற்பதென்றால் எங்கள் ஜனம் அப்படித்தான். நாளெல்லாம் கலீஜாகக் கிடந்தாலும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் பிள்ளையை ராஜா மாதிரிதான் நிறுத்துவார்கள்.

அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பந்தலில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் இருமவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனேன். அவள் பையன் போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். "இன்னாம்மா, பையன் தெளிவா கீறான்?" என்று கேட்டேன்.

"பின்ன? காலைலயே ஆவி புடிச்சி, மருந்து குடுத்து, ரெண்டு தபா பம்பு அட்ச்சிதாண்ணா இஸ்தாந்தேன். டாக்டரு முன்னாடி கர்ரு கர்ருன்னு நின்னா நம்ம மானம் போயிடாது?" என்றாள். அவள் குரலில் அவ்வளவு திருப்தி.

அடுத்தவளிடம் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள், பிள்ளைக்கு இரண்டு வேளை மருந்தை ஒரே வேளையில் கொடுத்ததாகச் சொன்னாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அந்தச் சத்தம் எனக்கு அப்போது கேட்டது. எல்லாவற்றையும் யோசித்த செயலாளர், டாக்டருக்கு மின்விசிறி வரைக்கும் யோசித்தவன், இதை யோசிக்கவில்லை.

என் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ரெட்டைச் சடை, கனகாம்பரம், புதுப் பாவாடை, பவுடர். விசில் இல்லை.

"நீயுமா பம்பு அட்ச்சே?" என்றேன்.

"அட்ச்சேன். எதிர் வூட்டுப் புள்ளைக்கும் அட்ச்சேன். கீழ் வூட்டு ரெண்டுக்கும் அட்ச்சி வுட்டேன். அதுங்களுக்கு பம்பு ஏது?"

"இன்னிக்கு ஒரு நாளு வுட்டிருக்கலாமே. டாக்டருக்குத் தெரிய வாணாமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாளு இன்னாய்யா ஒரு நாளு? புள்ள மூச்சு கெடைக்காம உக்காந்துகினு கீது. கையில பம்பு கீது. நான் பாத்துகினு இருக்கணுமா? உன் கிளினிக்குக்கு உன்னால முடிஞ்சா நீ பாத்துகினு இரு. என்னால முடியாது."

நான் மின்விசிறியை டாக்டரின் நாற்காலிப் பக்கம் திருப்பி வைக்கப் போனேன்.

முகாம் டாக்டர் சின்ன வயசுக்காரர். நல்ல மாதிரி. ஒவ்வொரு குழந்தையையும் பொறுமையாகப் பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். பிள்ளைகள் இழுத்துவிட்ட மூச்சு ஊட்டியில் பிறந்த பிள்ளைகளுடையது போல இருந்தது. நான் பொறுக்க முடியாமல் குறுக்கே போய், இதெல்லாம் காலையில் போட்ட மருந்தின் வேலை என்று சொன்னேன். "இருக்கலாம் சார். பெத்தவங்க சொல்லட்டும், எழுதிக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சு.

முன்வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சொல்லும்மா, உன் பையனுக்கு வீசிங் கீதா இல்லியா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா லேசா ஜல்பு" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் லேசாக ஜல்பு. என் மனைவி மட்டும்தான், "எங்க பொண்ணுக்கு வீசிங் கீது டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். பந்தலில் சலசலப்பு எழுந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் மகளின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார். "இப்ப கிளியரா இருக்கே" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓடினால் அவளுக்கு இழுக்கும். படி ஏறினாலே இழுக்கும். அதனால் நாங்கள் அவளை ஓடவே விட்டதில்லை. பள்ளியில் விளையாட்டு வகுப்பென்றால் மற்ற பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நான் குனிந்து அவளிடம், "கண்ணு, இந்த பில்டிங்க சுத்தி ஓடிட்டு வா" என்றேன்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. "நெஜமாவா நைனா? அம்மா திட்டாது?"

"திட்டாது. வேகமா ஓடு."

ஓடினாள். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு சுற்று முடித்து, நிற்காமல் அடுத்த சுற்று. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு துரத்தினார்கள். அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. கனகாம்பரம் அவிழ்ந்து தோளில் தொங்கியது. மூன்று சுற்று முடித்து, வேர்த்து, பவுடர் வழிந்து, சிரித்தபடி டாக்டர் முன்னால் வந்து நின்றாள். என் மகள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு அழகாக ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நான் மனதுக்குள், விசில் வரட்டும், ஒரே ஒரு தடவை வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் போகும்போது எதற்கு எதிராக வேண்டினேனோ அதையே வேண்டினேன்.

"இதயம்தான் வேகமா அடிக்குது. ஓடினதுனால" என்றார் டாக்டர். மகளைத் தட்டிக் கொடுத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

மதியத்துக்கு முன்பே முகாம் முடிந்தது. அதிகாரி மைக்கைப் பிடித்தார். நல்ல சேதி என்றார். இந்தப் பகுதிக் குழந்தைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், தாய்மார்களைப் பாராட்டுகிறேன், இப்போதைக்குக் கிளினிக்குக்கு அவசியமில்லை, அந்தப் பணத்தில் குடியிருப்பின் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டித் தரலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று ஒரு பெரிய மனிதர் மைக்கில் சொன்னால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? என் மனைவி மட்டும் தட்டவில்லை. நான் பந்தல்காரனுக்கு நாற்காலி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரின் வேன் கிளம்பிப் போனது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு பிள்ளை இருமியது. பிறகு இன்னொன்று. காலையில் போட்ட மருந்தின் வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டு மாடிக்கு ஓடினேன். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. என் மனைவி பம்பைக் குழாயில் பொருத்தி அழுத்தினாள். புஸ்ஸென்றுகூட வரவில்லை. ஆட்டிப் பார்த்து மறுபடி அழுத்தினாள். காலையில் எங்கள் கட்டடத்தின் மானத்தைக் காப்பாற்றியதில் அது தீர்ந்து போயிருந்தது.

மறுபடி ஆட்டோ, மறுபடி லாரி வரிசை. ஞாயிற்றுக்கிழமை என்பது லாரிகளுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எந்தக் கோயிலையும் கும்பிடவில்லை. காலையில் கேட்டது இப்போது கிடைத்திருந்தது, இதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. என் மனைவி குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா இருந்தார். ஆவி மாஸ்க்கை மகளின் முகத்தில் மாட்டி, விரலில் கிளிப் போட்டு, கொஞ்ச நேரம் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு மோசமாகுற அளவுக்கு என்னம்மா பண்ணுனா? ஓடி ஆடினாளா?"

என் மனைவி அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"மூணு... ரவுண்டு டாக்டர்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நைனாதான்... ஓடச் சொல்ச்சி. யாராலயும்... என்னைப் புடிக்க முடியல."

முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.