பிள்ளையின் நோட்டில் மெம்பிரேன்

கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரை மாதிரிக்குக் கழுவிக் காட்டினோம். துணியால் துடைக்காமல், சுத்த நீர் தானாகக் காய்ந்து கண்ணாடி தெளிய வேண்டும். தெளிந்தால் ஆண்டு முழுவதும் அங்கே எங்களுக்கு வேலை. வெயில் ஏறியதும் சுவரெங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

“பாத்தியா பிள்ளே, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு,” என்றார் ஜெபமணி அண்ணன். மார்த்தாண்டத்துக்காரர், கழுவும் குழுவின் மேஸ்திரி; என்னைப் போன்ற பெண்களைப் ‘பிள்ளே’ என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபில்டர் வண்டி என் பொறுப்பு. போர்வெல் தண்ணீரில் மண்ணைப் பஞ்சு ஃபில்டர் பிடிக்கும், குளோரின் இருந்தால் கார்பன் பிடிக்கும், உப்பை மெம்பிரேன் பிரிக்கும். வெளிவரும் நீரில் மிஞ்சிய உப்பை அளக்கும் மீட்டர் பத்துக்குக் கீழே காட்ட வேண்டும். அன்று காலை நாற்பத்திரண்டு காட்டியது. ஐந்து முறை பார்த்தேன். என்னையே நம்பாத நான் மீட்டரை எங்கே நம்புவது? பேட்டரி தீர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

எங்கள் முதலாளி மோகனன் சார் வந்தார். மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: “திங்கள்கிழமை ஒரு சான்ஸ் கூடி தருவாங்க, அவ்வளவுதான். எப்ப தொட்டு இது கேடாச்சு? எழுதி வச்சிட்டுண்டோ?”

எழுதியிருந்தேன். ஆனால் என் ஒன்றரை வயது மகன் சாப்பிட்டதைக் குறிக்கும் நோட்டில். அதையே எடுத்துக் கொடுத்தேன். சார் உரக்கப் படித்தார்.

“‘திங்கள். கூழ் முழுசும் குடிச்சான். மெம்பிரேன் ஆறு. தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் ஒரு பிடி.’ அடுத்த திங்கள், ‘வயிறு இளகல். பதினொண்ணு. இன்னொரு பிடி.’ இதுல யாருக்கு மோளே வயிறு இளகல்?”

“ரெண்டு பேருக்கும்தான் சார்,” என்றார் அண்ணன்.

மழைக்காலத்தில் வீட்டுக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவோம். பிள்ளை இருக்கும் வீடு. அதே பயத்தில் வண்டியில் போர்வெல் தண்ணீர் நிற்கும் தொட்டியிலும் வாராவாரம் போட்டுவந்தேன்.

“கண்ணாடி இந்தத் தண்ணியக் குடிக்காது பிள்ளே!” என்றார் அண்ணன்.

பழுப்பேறிய பஞ்சு ஃபில்டரை மட்டும் கடமையாக மாற்றியிருந்தேன். கார்பன் வெளியே சுத்தமாகத் தெரிந்ததால் தொடவே இல்லை. சக்தி தீர்ந்துபோன கார்பனைத் தாண்டி, பவுடரின் குளோரின் மெம்பிரேனை அரித்துவிட்டது. நோட்டைப் பார்த்த பத்து நிமிடத்தில் சார் அதைக் கண்டுபிடித்தார். பார்த்திராவிட்டால் புது மெம்பிரேனை மாட்டி, அதற்கும் ஒரு பிடி போட்டிருப்பேன்.

தொட்டியைக் காலிசெய்து கழுவினோம். சாலை பஜாரில் கார்பனும் மெம்பிரேனும் வாங்கி மாட்டினோம். திங்கள்கிழமை மீட்டர் ஐந்து காட்டியது. நான்கு முறைதான் பார்த்தேன். சுவரைக் கழுவிவிட்டு வெயிலுக்காகக் காத்து நின்றோம். ஒரு புள்ளி இல்லை. வேலை எங்களுக்கே கிடைத்தது.

புதிதாக ஃபில்டர் வண்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கார்பனை நிறம் பார்த்து மாற்றாதீர்கள், தேதி பார்த்து மாற்றுங்கள். மீட்டர் பிடிக்காத எண்ணைக் காட்டினால் உடனே சொல்லிவிடுங்கள். சந்தேகப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சார் வண்டிக்கென்று தனி நோட்டு வாங்கித் தந்தார். முதல் பக்கத்தில், “திங்கள். ஐந்து. பவுடர் போடவில்லை” என்று எழுதினேன். மறுநாள் திறந்தால், அதன் கீழே அண்ணனின் கோணல் எழுத்து: “கூழ் முழுசும் குடிச்சாச்சு.”