பாறைக்கு மேலே ஒரு தோட்டம்

ஜெயமேரி அந்த வீட்டுக்குச் சம்மதித்ததே கொல்லைக்காகத்தான். திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் இரண்டே அறைகள் கொண்ட ஓட்டு வீடு. வாசலைத் தாண்டினால் தெரு. ஆனால் பின்னால் ஒரு மாட்டு வண்டியைத் திருப்புகிற அளவுக்கு இடம் கிடந்தது. 1954ஆம் வருஷம் குடிவந்த மறுநாளே, தெரிந்தவர் வீட்டிலிருந்து நடுவதற்கு வெட்டிய ஒரு முருங்கைப் போத்து வாங்கி வந்து, கணவர் செபஸ்தியானிடம் கடப்பாரையைக் கொடுத்துக் குழி தோண்டச் சொன்னாள்.

கடப்பாரை ஒரு சாண் இறங்கியது. பிறகு ணங்கென்றது. இரண்டடி தள்ளிக் குத்தினார், அங்கேயும் அதே சத்தம்தான். மூலைக்கு மூலை குத்திப் பார்த்துவிட்டு, மேலே பூசின மாதிரிதான் மண் இருக்கிறது, கீழே முழுக்க மலைப்பாறை என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். முருங்கைப் போத்தும் அதன் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தது. சாய்ந்த நிலையிலேயே நாலு இலை விட்டு, பிறகு காய்ந்துபோனது. அதைத்தான் ஜெயமேரியால் தாங்க முடியவில்லை.

செபஸ்தியான் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். ஜெயமேரிக்குச் சுருட்டுக் கம்பெனியில் புகையிலையின் நடுக்காம்பை உரித்தெடுக்கிற வேலை. இருவர் கூலியும் சேர்ந்து வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும். மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தட்டில் சோறு உண்டு, வெஞ்சனம்தான் பல நாள் வெறும் துவையலாக இருந்தது.

பங்குனியில் கம்பெனியிலிருந்து திரும்புகிற வழியில் இருந்த குளம் வற்றியது. வயல்காரர்கள் வண்டி கட்டி வந்து, குளத்துக்குள் இறங்கி வண்டலை அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெயமேரி நின்று பார்த்தாள். ஒரு வண்டி மண் கொண்டுவந்து கொட்ட என்ன கேட்பீர்கள் என்று ஒரு வண்டிக்காரரிடம் விசாரித்தாள். அவர் சொன்ன தொகை அவளுக்குக் கட்டுப்படியாகாது. மறுநாள் வேலைக்குப் போகும்போது தூக்குவாளியோடு ஒரு பனையோலைக் கூடையையும் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் குளத்தில் இறங்கி, கூடை நிறைய வண்டலை அள்ளித் தலையில் வைத்து வீட்டுக்கு நடந்தாள்.

அதிலிருந்து தினம் ஒரு கூடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலையை மாற்றிக்கொண்டு இரண்டு நடை போவாள். தெருவில் அவளுக்கு மண்ணுமேரி என்று பெயர் விழுந்தது. பட்டறையில் செபஸ்தியானைச் சீண்டினார்கள், உங்க வீட்டம்மா மலையை மூடுகிற வரைக்கும் ஓயமாட்டார்களாமே என்று. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் சொன்னார்.

“நான் என்ன களவாண்டா கொண்டாறேன்?” என்றாள் ஜெயமேரி. “வண்டி மண்ணு வாங்க நமக்கு ஏலாது. கூடை மண்ணுக்கு யாரும் காசு கேக்கல. அம்புட்டுத்தேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லையில் உதிரியாகக் கிடந்த கற்களையெல்லாம் பொறுக்கி, மண் சிதறாமல் இருக்கச் சுற்றிலும் வரப்பு மாதிரி அடுக்கினார். சாந்து வைக்கவில்லை, வெறும் அடுக்குக் கல்தான்.

இரண்டாவது கோடை முடியும்போது, இரண்டு கட்டில் போடுகிற அகலத்துக்கு முழங்கால் உயர மண் சேர்ந்திருந்தது. கம்பெனியில் கூட்டிக் குப்பையில் கொட்டுகிற புகையிலைத் தூளையும் காம்பையும் கேட்டு வாங்கிவந்து மண்ணில் கலந்தாள். அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், பழைய ஓலை எல்லாமே உள்ளே போயின. ஆடியில் தண்டுக்கீரை விதைத்தாள். முதல் கீரையைக் கடைந்து வைத்த அன்று செபஸ்தியான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். ஜெயமேரி அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

ஐப்பசியில் பூசணி விதை ஊன்றினாள். ஊன்றி நாலு நாள் ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் முழுக்கக் கொல்லை வழியாகப் பாய்ந்தது. கல் வரப்பும் சரிந்தது, பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த மண் சுவரும் சரிந்தது. மழை விட்ட பிறகு ஜெயமேரி கொல்லைக் கதவைத் திறந்தபோது, கழுவிவிட்ட மாதிரி வெறும் பாறை பளபளத்தது. இரண்டு வருஷ மண் பூராவும் தாழ்வாக இருந்த பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய்ப் படிந்திருந்தது.

அவள் அழவில்லை. அன்று சமைக்கவும் இல்லை. பிள்ளைகளுக்குச் செபஸ்தியான்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு ராமுத்தாய் நத்தம் பக்கத்துக்காரி. ஒரு பசுமாடு வைத்திருந்தாள். அவள் கணவர் சடையாண்டி ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர், வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். மழைக்கு முன்பே ராமுத்தாய் மாட்டையும் ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஆள் இல்லாத இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று ஜெயமேரி காத்திருந்தாள். தன் மண்ணைத் தினமும் இடிந்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

பத்தாம் நாள் ராமுத்தாய் வந்தாள். ஜெயமேரி கூடையும் மண்வெட்டியுமாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். அது உன் மண்தானே, தாராளமாக அள்ளிக்கோ என்றாள் ராமுத்தாய். ஜெயமேரி குனிந்து மண்வெட்டியை ஓங்கினாள். ஓங்கினபடியே நின்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபோது கண்ணில் படாமல், அவள் ஊன்றிய பூசணி விதைகள் அங்கே முளைத்திருந்தன. ஏழெட்டுக் கன்றுகள், தடித்த இரண்டிரண்டு இலைகளோடு. இடையிடையே கீரையும் தலை காட்டியிருந்தது.

“வெட்ட மனசு வரல மதினி,” என்றாள்.

ராமுத்தாய் கன்றுகளைப் பார்த்தாள். இவளையும் பார்த்தாள்.

“ஏன்த்தா வெட்டணும்? மண்ணு ஒன்னோடது, எடம் என்னோடது. என் மாட்டுச் சாணி சும்மாதான் குமிஞ்சு கெடக்கு. இடிஞ்ச சொவரத் திரும்ப வைக்காட்டி என்ன? ரெண்டு பேரும் சேந்து வெள்ளாம வைப்போம்.”

ஜெயமேரிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கேட்கவே இல்லை. சாயங்காலம் செபஸ்தியான் வந்தபோது, இப்படி முடிவாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

ராமுத்தாய் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மலைத் தண்ணீர் வருகிற இடத்தில் வரப்புப் போட்டு நிறுத்தக்கூடாது, அதற்கு ஒரு வழி விட்டுத்தான் பாத்தி கட்ட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். சரிந்த கற்களாலேயே ஓரமாக ஒரு வாய்க்கால் அமைத்தார்கள். துணி துவைத்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதன் வழியே பாத்திக்குப் போனது. சடையாண்டி சந்தையில் விலைபோகாமல் ஒதுக்கிய முற்றின வெண்டையும் அழுகின தக்காளியும் விதைக்காகக் கொண்டுவந்தார். அவரையில் அசுவினிப் பூச்சி விழுந்தபோது புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரை ஜெயமேரி விளக்குமாற்றால் தெளித்தாள். தெரு ஆடுகள் நுழையாமல் இருக்கச் செபஸ்தியான் பட்டறையில் கழித்த தகரத்தை வாங்கிவந்து ஒரு படல் செய்து மாட்டினார்.

தை மாதம் பதினோரு பூசணிக்காய் இறங்கின. முதல் காயை ஜெயமேரி மாதா கோயிலுக்குக் கொடுத்தாள், பூசை முடிந்து அங்கே அதை ஏலம் விட்டார்கள். மறுவருஷம் மல்லிகைச் செடி பூத்தபோது ராமுத்தாய் ஒரு பந்து பூவைத் தாடிக்கொம்புப் பெருமாளுக்கு எடுத்துப் போனாள். மீதியைத் தொடுத்து ஜெயமேரியின் பெண்கள் தலையில் வைத்துவிட்டாள்.

ஜெயமேரி குளத்து மண் சுமப்பதை நிறுத்தவில்லை. பங்குனி வந்தால் கூடையும் வந்துவிடும். இப்போது ராமுத்தாயும் கூட நடந்தாள், இருவரும் பேசிக்கொண்டே. 1960ஆம் வருஷத்துக்குள், வெறும் பாறையாக நின்ற ஜெயமேரியின் மேல்பக்கமும் மூடிப்போனது. மண் ஆழமாகப் படிந்த ராமுத்தாயின் பக்கத்தில் முருங்கை எழுந்தது.

அரிசிக்கு வரிசையில் நின்ற அறுபதுகளின் நடுவில், தெருவில் பல வீடுகளுக்குக் கீரையும் முருங்கைக்காயும் அந்தக் கொல்லையிலிருந்துதான் போயின. வாங்கிப் போனவர்கள் பதிலுக்கு எதையாவது கொண்டுவருவார்கள், ஒரு கைப்பிடி உளுந்து, ஒரு துண்டு கருப்பட்டி. மண்ணுமேரி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. இப்போது அவளை நேரிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வருவாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் கம்பெனி வேலையை விட்டாள். புகையிலை நெடியில் வந்த இருமல் கொல்லைக் காற்றில் மெல்லக் குறைந்தது. அந்த வருஷம் ராமுத்தாய்க்கு வாழை வைக்க ஆசை. மேல்பக்கத்தில் வாழைக்கு வேர் இறங்காது என்றாள் ஜெயமேரி. இறங்கும் என்றாள் ராமுத்தாய். இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் காலை செபஸ்தியான் பல் துலக்க வந்தபோது, ஒருத்தி வாழைக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவள் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு செயிச்சது?” என்று கேட்டார்.

“செத்த நேரம் பேசாம இருங்க, கட்ட சாயுது,” என்றாள் ஜெயமேரி.