நாற்காலி காலியாக இருந்த நாட்கள்

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையத் தொடங்கிய நேரத்தில் அண்ணன் மகள் ஓடிவந்து செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அத்த, புகை வந்துடுச்சு பாருங்க!" ரோமாபுரியில் ஒரு கூரை, அதன்மேல் ஒல்லியாக ஒரு புகைபோக்கி, அதிலிருந்து வெள்ளைப் புகை. புதிய போப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் போப்பை ஏற்காத சபையில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு இதில் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மூக்கில் டீசல் நாற்றம் அடித்தது. செல்போனில் நாற்றம் வருமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது.

அது ராயப்பனுடைய ஜீப்பின் நாற்றம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் நர்ஸாக இருந்தேன். திங்கட்கிழமை ஒடுகத்தூரில் ஷேர் ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் வீட்டுக்குத் திரும்புவேன். மலை ஏறும்போது ஜீப்பில் மண்ணெண்ணெய் கேன், கோழி, மனுஷர் எல்லாம் இருக்கும். இறங்கும்போது புளி மூட்டைகள். முன் ஸீட்டில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்கார விரும்பமாட்டார்கள். அப்போதே நான் ஒன்றரை ஆள் இடம் பிடிப்பேன். அதனால் டிரைவருடன் பேச எனக்கு நல்ல வசதி. பேச்சு என்றால் சண்டைதான்.

ராயப்பன் அமிர்திப் பக்கத்துக் கத்தோலிக்கர். நாங்கள் பேதுரு என்று சொல்கிறவரைத்தான் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ராயப்பர் என்பார்கள். முதல் போப் அவர்தான் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருந்தவரிடம் நான் வாதம் செய்யப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"இந்தக் கல்லு மேல என் சபையக் கட்டுவேன்னு ராயப்பர்கிட்டதான ஆண்டவர் சொன்னாரு சிஸ்டர்?"

"அது அவரோட விசுவாசத்த சொன்னது. ஆள இல்ல."

"ஆளு இல்லாம விசுவாசம் மட்டும் எங்க நிக்கும்? ஸ்டியரிங்க ஒருத்தர் புடிச்சாத்தான வண்டி மலை ஏறும்?"

"ஸ்டியரிங்கப் புடிக்கிறது கர்த்தர்."

"அப்ப நான் கைய வுட்டுடட்டா?" என்று வளைவில் இரண்டு கையையும் தூக்குவார். பின்னால் மூட்டைமேல் இருந்தவர்கள் அலறுவார்கள். நான் அந்த இடத்திலேயே போப்பை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிடுவேன், வளைவு முடியும்வரை.

மற்ற நாட்களில் மருந்துப் பெட்டி வந்திருக்கிறதா, யாரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டுமா என்று ஏதாவது ஒரு சாக்கில் என் சுகாதார நிலைய வாசலில் வந்து நிற்பார். மருந்துப் பெட்டி மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பது அவருக்கும் தெரியும். எங்கள் சண்டையை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, அந்தப் பெரியவருக்குப் புள்ள இல்லியா? புள்ள இருந்தா அவனே உக்காந்துட்டுப் போறான். இதுக்கு இன்னாத்துக்கு சண்ட?" அவர்கள் ஊரில் நாட்டாமைப் பட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. போப்புக்குக் கல்யாணமே கிடையாது என்று ராயப்பன் விளக்கியதும் அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "உனக்குமா சாமி?" என்று கேட்டாள். ராயப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. எங்களுக்குள் இருந்தது சண்டை மட்டுமில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் நிச்சயமாயிற்று.

அப்பா ஒடுகத்தூரில் ஓய்வுபெற்ற வாத்தியார். போப்பாண்டவர் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "ஆண்டவர் ஒருத்தர்தான். அதென்ன இன்னொரு ஆண்டவரு?" என்பார். ராயப்பனின் அம்மா, தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு கூடாது, ஈஸ்டர் போகட்டும் என்றார். ஈஸ்டர் போயிற்று. அந்த வாரமே போப் இறந்துபோனார். நானும் ராயப்பனும் பிறந்து விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஒரே போப்தான்.

திங்கட்கிழமை ஜீப்பில் ராயப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. துக்கமாக இருக்க வேண்டியவர் இப்படிச் சிரிக்கிறாரே என்று பார்த்தேன்.

"சிஸ்டர், இப்ப எங்களுக்கும் போப் இல்ல, உங்களுக்கும் போப் இல்ல. ரெண்டு வூடும் ஒண்ணுதான். பொண்ணு கேக்க இதான் நேரம்."

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரிதாகச் சிரிப்பவர். அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "கெட்டிக்காரன்தான். சரி, புதுசா ஒருத்தர உக்கார வெக்கறதுக்குள்ள வந்துடச் சொல்லு" என்றார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நாட்களைப் போல இன்னொரு முறை என் வாழ்க்கையில் வரவேயில்லை. தேர்தலில் முடிவு ஆகாவிட்டால் கறுப்புப் புகை விடுவார்கள் என்று ராயப்பன் சொல்லியிருந்தார். அங்கே தேர்தலே தொடங்கியிருக்காது. இவர் தினமும் என் வாசலில் ஜீப்பை உறுமவிட்டு, பின்னால் குபுகுபுவென்று வருகிற டீசல் புகையைக் காட்டுவார். "இன்னும் கறுப்புதான் சிஸ்டர். நேரம் இருக்குது!"

நேரம் இருந்தது. வரத்தான் ஆளில்லை. அவருடைய அம்மா மறைந்த போப்பின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து உட்கார்ந்துவிட்டார். "அப்பன் செத்த வூட்ல எவனாவது கல்யாணப் பேச்சு எடுப்பானாடா? புது அப்பா வரட்டும், மறுநாளே கெளம்பறேன்." ராயப்பன் கெஞ்சிப் பார்த்தார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். அம்மா அசையவில்லை. எங்களுக்கு அது ரோமில் காலியான ஒரு பதவி. அந்த அம்மாவுக்கு அது வீட்டில் விழுந்த சாவு. எங்கள் இரண்டு பேருடைய கெட்டிக்காரத்தனத்துக்கும் இது தோன்றவேயில்லை.

சொன்ன வாக்குத் தவறாமல், புகை வெளுத்த மறுநாளே அந்த அம்மா ராயப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் லட்டு டப்பாவோடு.

"வாத்தியாரே, மொதல்ல வாயத் தெறங்க. புது போப்பாண்டவர் வந்துட்டாருங்க!"

அவரிடம் ஒரு துளி கள்ளமில்லை. சந்தோஷத்தைச் சம்பந்தி வீட்டில் பங்குபோட வந்திருந்தார். அப்பா லட்டை வாங்கினார். வாயில் போடவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"பேரப் புள்ளைங்களுக்கு எந்தக் கோயில்லம்மா ஞானஸ்நானம்?"

"இதுல இன்னா கேள்விங்க? எங்க பங்குக் கோயில்லதான்."

"சரி, ஜெபம் பண்ணி முடிச்சிக்கலாம்" என்றார் அப்பா.

எங்கள் வீடுகளில் மனுஷர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சொல்லிவிடுவார்கள். அப்பா குரல் தழுதழுக்கச் சொன்னார்: "பரலோகப் பிதாவே, இந்தக் காரியம் உமக்குச் சித்தமில்லை என்பதை எங்களுக்கு உணர்த்தினபடியால் உமக்கு ஸ்தோத்திரம்." ராயப்பனின் அம்மா விளங்காமலேயே ஆமென் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணைத் திறந்தபோது ராயப்பன் ஏற்கெனவே கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியிருந்தது. போகும்போது "வர்றேன் சிஸ்டர்" என்றார். வரவில்லை. அடுத்த மாதம் அந்தத் தடத்தில் வேறு டிரைவர் ஓட்டினார். லட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

பிறகு வந்த வரன் எதையும் நான் பார்க்கவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை.

இந்த அண்ணன் மகள் கட்டிக்கொண்டது ஒரு கத்தோலிக்கப் பையனைத்தான். அவர்கள் கோயிலில் கல்யாணம், சாமியார் நடத்திவைத்தார், எங்கள் சபைப் போதகர் ஐயரும் மேடையேறி ஒரு ஜெபம் சொன்னார். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து அப்பா லட்டு சாப்பிட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. இப்போது ஆத்திரப்படவும் அவர் இல்லை.

மலைக்குத் தார்ரோடு வந்துவிட்டது, பஸ் போகிறது. மூட்டைமேல் உட்கார்ந்து அலற யாரும் இல்லை. பேதுருவுக்காகச் சண்டை போடுகிறவர்களும் இல்லை. அன்றைக்குப் பிறகு போப்பின் அந்த நாற்காலி இரண்டு தரம் காலியாகிவிட்டது. இரண்டு தரமும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துபோய் வாசலில் நின்றிருக்கிறேன்.

"அத்த, போப் நமக்கும் உண்டா, எங்க மாமியார் வூட்டுக்கு மட்டுந்தானா?" என்று செல்போனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க மாமியார் வூட்டுக்குத்தான்."

"இன்னா இருக்குது, ரெண்டு வூடும் ஒண்ணுதான" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

குழம்பு ஆறிப்போயிருந்தது. புகை வெளுத்துவிட்டது. இனி ராயப்பனை நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாக்கும் இல்லை.