குமிழியார் வீட்டுக்குப் போன கம்பி

2021 மார்ச் 14 அன்று சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. தகடுகள் எட்டும் குமிழியாரின் மாடியில். பேட்டரியும் இன்வெர்ட்டரும் இஸ்திரியக்காவின் முன்னறையில். பொருத்தியவர் அக்காவின் கொழுந்தன், எலக்ட்ரீஷியன்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் வெயில். துணி தேய்த்துப் பிழைக்கும் அக்காவின் மாடி நாள் முழுதும் எதிர்க்கட்டிடத்தின் நிழலில் கிடந்தது. பக்கத்து வீட்டு மாடியிலோ வெயில் கொட்டியது. அங்கே வண்ணமீன் வளர்ப்பவரைத் தெருவே குமிழியார் என்றழைத்தது. இடம் அவருடையது, செலவு அக்காவுடையது என்று பேசிமுடித்தார்கள். பதிலுக்கு, இன்வெர்ட்டரிலிருந்து ஒரு கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு அவருடைய மீன்தொட்டிகளுக்குப் போயிற்று. தண்ணீருக்குள் காற்று ஊதும் பம்புகள் அந்தக் கம்பியில் மட்டுமே ஓடின. தெருவில் மின்சாரம் இருந்தால் அதில், போனால் பேட்டரியில். அதற்கென ஒரு சுவிட்ச் அக்காவின் சுவரில் இருந்தது.

"என் பிள்ளைங்களுக்கு மூச்சே நீதாம்மா" என்பார் குமிழியார்.

2023 நவம்பர் 8. மூன்று நாள் மழையில் பேட்டரி பாதிகூட ஏறியிருக்கவில்லை. குமிழியார் காலையிலேயே மீன் கொடுக்க வெளியூர் கிளம்பினார். பன்னிரண்டு தொட்டிகளில் ஐந்நூறு மீன்களுக்கு மேல் இருந்தன. "பாத்துக்கம்மா" என்றார். "நான் இருக்கேன்ல, போய்ட்டு வாங்கண்ணே" என்றார் அக்கா.

நண்பகலில் மின்சாரம் போயிற்று. ஒரு விடுதியின் சீருடைகள் பாதி தேய்த்தபடி கிடந்தன. மாலைக்குள் ஆள் வந்துவிடும். இஸ்திரிப்பெட்டியும் பம்புகளும் ஒரே நேரத்தில் இழுத்ததில் இன்வெர்ட்டர் கீச்சிட்டது. பத்து நிமிஷம்தானே என்று அக்கா பம்புகளின் சுவிட்சை அணைத்தார். பெட்டி சூடேறியது. அரைமணியில் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது, விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. எல்லாம் வந்துவிட்டதாகவே தோன்றியது. அணைத்த சுவிட்ச் அணைந்தபடியே இருந்தது.

மறுநாள் காலை, ஊர் திரும்பிய குமிழியாரின் வீட்டிலிருந்து அலறல் கேட்ட கணமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கை அதற்கு முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டது. சுவருக்கு அப்பால் பம்புகள் உறுமின.

"இப்ப மட்டும் ஓடுது பாரு! லூஸ் கனெக்‌ஷன்! ஒயர் இழுத்த மகராசனக் கூப்பிடு!" என்று கத்தினார் குமிழியார்.

கொழுந்தன் வந்தார். தொட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"நீயெல்லாம் எலக்ட்ரீஷியனாடா? ஒரு வம்சத்தையே முடிச்சிட்டியே!"

"திட்டுங்கண்ணே, வாங்கிக்கறேன். முதல்ல ஜாயின்ட்ட பாத்துடறேன்."

சுவரோரமாக மண்டியிட்டு ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. ஆனாலும் நிமிர்ந்து, "எங்கயோ நான்தான் சரியா முறுக்கல போலிருக்கு. என் தப்புதாண்ணே" என்றார். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், தம் மாடிக்குத் தகடு பொருத்த அவரிடம்தான் பேசிவைத்திருந்தார். "நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"விடுங்கண்ணி, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கீங்க? செத்தது உங்க மீனா?" என்று சிரிக்கப் பார்த்தார் கொழுந்தன்.

அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் தாங்கமுடியவில்லை.

"ஜாயின்ட்ல ஒண்ணுமில்லப்பா. சுவிட்ச அணைச்சது நான். பெட்டி சூடேறணும்னு அணைச்சேன், மறந்துட்டேன். இப்ப போட்டதும் நான்தான்."

கொழுந்தன் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"இத ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா, என் முட்டியாவது தப்பிச்சிருக்கும் அண்ணி" என்றார் கொழுந்தன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

குமிழியார் அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. "ஊரு துணியில இருக்கிற சுருக்கமெல்லாம் எடுக்குறவ நீ. இத எப்படிம்மா எடுப்ப?"

அக்கா தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, தப்பு தன்னுடையது என்று சொன்னார். திரும்பி வந்து, கேட்காமலே வலையை எடுத்து முதல் தொட்டிக்குள் விட்டார். குமிழியார் தடுக்கவில்லை. வாளியை மட்டும் அக்காவின் பக்கமாகக் காலால் நகர்த்தினார். இருவரும் தொட்டி தொட்டியாகச் செத்த மீன்களைப் பிரித்தெடுத்து முடிக்கப் பிற்பகலாயிற்று.

உயிரோடு இருந்தவை முப்பத்தொன்று.