புதன்கிழமை, மதியத்துக்கு மேல்

பர்மாவில், மோல்மேன் குன்றின் மேலிருக்கும் பகோடா என்ற புத்தர் கோயிலுக்கு ஏறும் மேற்குப் படிக்கட்டில் மியா திட் சோதிடக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு பாய், ஒரு சிலேட்டு, ஒரு வெற்றிலைப் பெட்டி. மூலதனமெல்லாம் வாய்தான். அங்கே கிழமைக்கு ஒரு மிருகம்; பிறந்த கிழமையைச் சொன்னால் போதும், ஆளைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள்.

"செவ்வாய்க்கிழமையா? சிங்கம். ஊருக்கெல்லாம் நல்லவன், வீட்டுக்காரிகிட்ட மட்டும் உறுமுவே" என்பாள். கேட்டவன் வாயைப் பிளப்பான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பலமாகத் தலையாட்டுவாள்.

மியா திட் வியாழக்கிழமைக்காரி, எலி. எலிக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியும் என்று ஒரு பீற்றல் வேறு. பக்கத்திலேயே இளநீர் வெட்டிக்கொண்டிருந்த புருஷன் துன் பே, புதன் காலையில் பிறந்த தந்தமுள்ள யானை.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாம் சொல்வதை அந்த ஊரில் உச்சிவேளை வரைக்கும்தான் ஒப்புக்கொள்வார்கள். உச்சி சாய்ந்தால் புதன் போய் ராகு வந்துவிடும். மிருகமும் தந்தமில்லாத யானை ஆகிவிடும். ராகுவில் பிறந்தவன் அழுத்தக்காரன், நெஞ்சில் இருப்பதை வெளியே விடமாட்டான், அவன் போகிற வீடு உருப்படாது என்றெல்லாம் பேச்சு. அதனால் புதனன்று மதியத்துக்கு மேல் பிள்ளை பெறுகிற தாய்மாரெல்லாம் எப்படியோ காலையிலேயே பெற்றுவிடுவார்கள்! பகோடாவைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புத்தர் சிலை உண்டு. அவரவர் கிழமைச் சிலைக்கு அவரவர் தண்ணீர் ஊற்றுவார்கள். வடமேற்கு மூலையிலிருந்த ராகு சிலை மட்டும் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்.

படிக்கட்டு மடத்துக்குச் சொந்தம். மடத்துக்குப் புதிதாக ஒரு சயாதோ, அதாவது தலைமைத் துறவி, வந்தார். வந்த கையோடு, கடைகளை எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியனுப்பினார். பூக்கடை மா நியோ மியா திட்டிடம் அழுதுகொண்டே ஓடிவந்தாள். சோதிடக்காரியை அங்கே சயாமா, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சயாமா, கடை போச்சுன்னா நாம தெருவுலதான் நிக்கணும். அவர் எப்படிப்பட்ட ஆளு, எந்தப் பக்கம் தட்டினா திறக்கும், பார்த்துச் சொல்லேன்!"

"கிழமை தெரியுமா?"

"அவர் அக்கா பூ வாங்க வந்தாங்க. புதன் காலையாம்."

மியா திட் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "அப்போ கவலையை விடு. தந்தமுள்ள யானை. கோவம் சுள்ளுன்னு வரும், வந்த சூட்டுல போயிடும். கெஞ்சினா மதிக்கமாட்டார், மல்லுக்கு நிக்கணும். ஒரு சத்தம் போட்டாருன்னா காரியம் பழம்னு வச்சுக்க. என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, எனக்குத் தெரியாதா?"

"நான் என்னைக்குடி கத்தினேன்?" என்றான் துன் பே. அவன் பேச்சை யார் கேட்டார்கள்?

எல்லாரும் மடத்துக்குப் போய் மல்லுக்கு நின்றார்கள். "நேத்து வந்தவங்க நீங்க, இந்தப் படியிலேயே பிள்ளை பெத்தவங்க நாங்க!" என்று மா நியோ கையை நீட்டிப் பேசினாள். சயாதோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "சரி, பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மா நியோ பிடித்துக்கொண்டாள். "கத்தவே இல்லையே சயாமா! கடையும் போச்சு, மானமும் போச்சு. நல்லா பார்த்தே போ சோசியம்!"

மியா திட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்க மா நியோவையும் இழுத்துக்கொண்டு போனாள். மா நியோ வெட்கத்தில் வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே போனவள் மும்முறை விழுந்து வணங்கினாள். எழுந்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி, தப்பா நினைக்கக் கூடாது. நெசமாவே காலையிலதான் பொறந்தீங்களா?"

சயாதோ சிரித்துவிட்டார். "அக்கா சொன்னாளா? எங்கம்மா ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிவச்சா. துறவிங்க மதியச் சாப்பாட்டை முடிச்சுக் கைகழுவின பிறகுதான் நான் பொறந்தேன். உங்க கிழமை என்னம்மா?"

"வியாழன், சாமி."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன மறுநொடியே அவளுக்கு உடம்பு கூசியது. அவ்வளவு பெரியவர் உண்மையைச் சொல்கிறார், எதிரே உட்கார்ந்து இவள் பொய் சொல்கிறாள்! இவளும் ராகுதான். இவள் அம்மா இன்னும் கெட்டிக்காரி, கிழமையையே ஒரு நாள் தள்ளிவிட்டாள். இல்லாவிட்டால் துன் பேயின் அம்மா இவளை வாசலில்கூட நிற்க விட்டிருக்கமாட்டாள்.

"கடை இருக்கட்டும். ஆனா படியில நெரிசல். வடமேற்கு மூலையில இடம் இருக்கு, அங்க போங்க" என்றார் சயாதோ.

"ராகு மூலைக்கா? யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயந்து ஒரு ஈ காக்கா வராதே சாமி!"

"ராகுவுல பொறந்தா தப்பில்லைன்னு நான் சொன்னா உபதேசம்னு தலையாட்டிட்டுப் போயிருவாங்க. கிழமையைப் பத்தி நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

கடைகள் மூலைக்குப் போயின. வந்தவர்கள் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு நழுவினார்கள். மா நியோவின் பூ வாடியது, அதைவிட அவள் முகம் வாடியது. "இதுக்குத் தெருவே தேவலாம்" என்று முனகினாள்.

மியா திட் எழுந்தாள். குவளையில் தண்ணீர் மொண்டு, எல்லாரும் பார்க்க, காய்ந்து கிடந்த ராகு சிலையின் தலையில் ஊற்றினாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவள் லுங்கியிலேயே கொட்டியது.

"நல்லா கேட்டுக்குங்க! நான் வியாழன் இல்ல. புதன், மதியத்துக்கு மேல!"

சொல்லிவிட்டாளே தவிர, புருஷன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் துன் பே வந்து எதிரே நின்றான்.

"முப்பது வருஷமா எலின்னு நம்பிட்டேன்" என்றான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இந்த உடம்பைப் பார்த்தப்பவே யோசிச்சிருக்கணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"குவளையைக் கொடு."

"உனக்கென்ன இங்க வேலை? உன் சிலை தெற்கால இருக்கு."

"கொடுடி. என்னைக் காலையில பெத்ததாச் சொன்ன எங்கம்மாவும் அம்மாதானே!"

அவள் திகைத்து நிற்க, அவன் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினான். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அறுபது வருஷமாகப் புதன் காலைக்காரராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார், குவளையும் கையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். மா நியோவுக்குப் பூ எடுத்துக் கொடுத்து மாளவில்லை.