பொங்கலுக்குப் பார்த்த வீடு

ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், பரளச்சியில் ஒரு பழைய சுண்ணாம்புக் காரை வீட்டை வாங்கினோம். தேக்குத் தூண்களுக்கு மெருகேற்றி, சுவர்களைப் பூசி, விற்றவர் அழகாகப் புதுப்பித்திருந்தார். நாங்கள் பார்த்தது பொங்கல் சமயம். ஊரே வெள்ளையடித்திருந்ததால் புதுப்பூச்சின் மேல் சந்தேகமே வரவில்லை.

சித்திரையில் கரிசல் மண் காய்ந்து பிளந்தது. கூடவே கூடத்துச் சுவரும் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. கொத்தனார் சுரண்டிப் பார்த்தார்.

“இது பழைய வெடிப்பு அண்ணாச்சி. மேல பூசி மறச்சிருக்காக. மழைக்கு மூடும், கோடைக்குத் தொறக்கும். அஸ்திவாரமே சரியில்ல. எத்தன தடவ பூசுனாலும் நிக்காது” என்றார்.

அன்றிலிருந்து என் மனைவி கூடத்தில் படுப்பதில்லை.

வீடு தேடும் உறவினர்களிடம், கரிசல் காட்டு வீட்டைக் கோடையில் போய்ப் பாருங்கள் என்று இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டை விலைக்குக் கேட்டு வருகிறவர்களை மட்டும் பொங்கலுக்கு வரச் சொல்கிறேன்.