கியரக்கா லாரிக்கு வைத்த மூக்கு

கல் குவாரியில் கியரக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். லாரி ஓட்ட வந்த புதிதில் அவள் கியர் போட்டால் குழி முழுக்கக் கரகரவென்று கேட்கும். லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. சத்தம் எப்போதோ போய்விட்டது. பெயர் போகவில்லை.

அவள் ஆசைப்பட்டு ஸ்டியரிங் பிடித்தவள் இல்லை. லாரி அவள் வீட்டுக்காரருடையது. குழிக்குள் கல் ஏற்றி, மேட்டில் இருக்கிற, கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற கிரஷரில் கொட்ட வேண்டும். வருஷக்கணக்கில் அந்தக் கல்தூசியை இழுத்து இழுத்து மனுஷனுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. இனி வண்டி ஓட்டினால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். லாரியை என்ன செய்வது என்று சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்ததும் அவர்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டே, திட்டிக்கொண்டே.

அன்றிலிருந்து அந்தச் சீட்டை அவர் விடவில்லை. வீட்டில் இரு என்றால் கேட்பதில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். தனக்குக் கட்டுவதோடு நிறுத்தவும் மாட்டார். அவளுக்கும் கட்டிவிடுவார். லாரிக்கும் கட்டிவிடுவார்.

லாரிக்குக் கட்டுவது அவர் கண்டுபிடித்தது இல்லை. அந்தக் குவாரியில் எல்லா லாரியிலும் அது உண்டு. இன்ஜின் காற்று இழுக்கிற வாய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தூசி கிளம்புவதே அங்கேதான். அதனால் அந்த வாயில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். தூசி துணியில் ஒட்டும், இன்ஜின் பிழைக்கும் என்று கணக்கு. தினமும் காலையில் துணியை நனைத்து, பிழிந்து, இறுக்கிக் கட்டுவதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே லாரி வேலை. அதை யாரையும் தொட விடமாட்டார்.

அந்த லாரிதான் கொஞ்ச நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. லோடோடு மேடு ஏறினால் பின்னால் கரும்புகை, முன்னால் கொதிப்பு. பாதி மேட்டில் நின்றுவிடும். ஒரு வண்டி மட்டும் போகிற பாதை. இது நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அக்கா, இன்னொரு தடவை பாதி மேட்டுல நின்னா உங்க வண்டி நம்பர லிஸ்ட்லருந்து அடிச்சிருவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"நினைக்காம? நல்லாவே நினைப்பேன்," என்றாள் கியரக்கா. வாய் அப்படிப் பேசியதே தவிர, நம்பர் போனால் பிழைப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கொழுந்தன் வேறு வந்து நின்றான். "அண்ணி, இது லாரி இல்ல, அடுப்பு. உடைச்சுப் போட்டா இரும்பாவது மிஞ்சும்."

"உன்னை உடைச்சுப் போட்டா அதுகூட மிஞ்சாதுடா. போயி வேலையப் பாரு."

அவனை விரட்டிய கையோடு வண்டியை மெக்கானிக் பட்டறைக்கு விட்டாள்.

மெக்கானிக் குண்டு மனுஷன், வாயாடி. இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் ஃபில்டர் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த மடிப்புக் காகித ஃபில்டரை எடுத்தான். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கி, வயரில் தொங்கிய பல்பை ஃபில்டரின் நடுவே விட்டான். "இப்பப் பாருங்க."

கியரக்கா எட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் ஃபில்டரைச் சுற்றிலும் ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம். வானத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அம்புட்டும் ஓட்டை. ஏர் பைப்பை வச்சு ஓங்கி அடிச்சுத்தானே சுத்தம் பண்ணுவீங்க? காகிதம் கிழிஞ்சிருச்சு. துணி ஒரு பக்கம் கழுத்தப் பிடிக்குது, ஓட்டை ஒரு பக்கம் மண்ண விடுது. இவ்வளவு நாள் ஓடினதே பெருசு."

அடுத்து ரப்பர் பைப்பைக் கழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவைக் காட்டினான். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற சின்னச் சக்கரம். பூ இதழ் போல இறக்கைகள், ஓரம் நகத்தைவிட மெல்லிசு. மண் பட்டுப் பட்டு அந்த ஓரம் லேசாக மழுங்கியிருந்தது.

"இதுவா இத்தனை டன்னைத் தூக்குது?"

"இதுதான். போற புகை அந்தப் பக்கச் சக்கரத்தைச் சுத்தும், அது இதைச் சுத்தும். மேட்டுல நீங்க மிதிக்கும்போது நிமிஷத்துக்கு லட்சம் சுத்துப் பக்கம் போகும். அந்த வேகத்துல ஒரு மண்ணு பட்டாலும் தோட்டா பட்ட மாதிரி. நல்ல வேளை, இன்னும் கெட்டுப்போகல."

"எவ்வளவு காத்துதான் குடிக்கும்?"

மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால் இருந்த தன் சின்ன அறையைக் காட்டினான். கட்டில், அலமாரி, ஒரு ஜன்னல். "இந்த ரூம்ல இருக்கிற மொத்தக் காத்தையும் ரெண்டு மூணு நிமிஷத்துல குடிச்சு முடிச்சிரும்."

கியரக்கா அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். டீசலைப் பற்றித்தான் இத்தனை காலமும் பேசியிருக்கிறார்கள். டீசல் திருடு போகிறது, டீசல் காணவில்லை என்றுதான் சண்டை. காற்றைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அறை அறையாகக் காற்று கேட்கிற ஒரு ஜீவனுக்கு வாயில் துணியை அடைத்து மேடு ஏறச் சொன்னோமே என்று நினைத்தபோது அவளுக்கே மூச்சு முட்டியது. திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் அந்தச் சின்னச் சக்கரத்தை ஒரு விரலால் தொட்டுச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை நடந்தது. பழைய டப்பாவைத் தூக்கிவிட்டு, அதைவிடப் பெரிய டப்பா கேபினுக்குப் பின்னால் உட்கார்ந்தது. உள்ளே இரண்டு ஃபில்டர், பெரியதுக்குள் சிறியது. காற்று இழுக்கிற வாய் சக்கரத்துப் பக்கத்திலிருந்து கேபின் உச்சிக்குப் போனது. வாயில் ஒரு கிண்ணம்; வருகிற காற்று அதில் சுழலும்போதே கனத்த தூசி ஓரம் ஒதுங்கி வெளியே போய்விடும். அகலமான பைப், வெடுக்கென்ற வளைவு இல்லாமல். ஒவ்வொரு கிளாம்பையும் முறுக்கிவிட்டு மெக்கானிக் காற்று கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான். டப்பாவின் பக்கத்தில் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குழாய் ஒன்றும் வைத்தான். காற்று அடைத்தால் அதில் சிவப்பு ஏறும்.

"இனிமே துணி கிணி கட்டிராதீங்க. கேட்டுதா அண்ணே?"

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

மறுநாள் முதல் லோடு. குழியில் கல் ஏற்றி முடித்ததும் கியரக்கா மேட்டைப் பார்த்தாள். உச்சியில் சூப்பர்வைசர் நின்றார். பக்கத்தில் கொழுந்தன், வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி கைகட்டிக்கொண்டு. பின்னால் நாலைந்து லாரி.

கிளம்பியது. முதல் வளைவு வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் பழைய கதை. முக்கல், முனகல், பக்கக் கண்ணாடியில் கரும்புகை. மிதித்தால் சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. பாதி மேட்டில் வண்டி நின்றேவிட்டது.

"அந்தக் குண்டன் என் தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான்!" என்று கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பின்னால் ஹாரன் பிய்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் பத்து யோசனை சொல்லியிருப்பார்.

இறங்கிப் பின்னால் ஓடினாள். கண்ணாடிக் குழாயில் ரத்தமாகச் சிவப்பு. டப்பாவைத் திறந்தாள். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது, தூசி ஒரு துளி இல்லை. அடைப்பு ஃபில்டரில் இல்லை என்றால், அதற்கு முன்னால். பைப்பில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனாள். மேலே, மேலே, கேபின் உச்சி வரைக்கும். சக்கரத்தில் கால் வைத்து ஏணியைப் பிடித்து ஏறினாள்.

லாரிக்கு வைத்த புது மூக்கின் மேல், அந்தக் கிண்ணத்தைச் சுற்றி, ஈரத்துண்டு. இன்ஜின் இழுத்த இழுப்பில் பல் போன கன்னம் போல உள்ளே குழிந்து ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் முடிச்சு. அவர் போடுகிற முடிச்சு.

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனுஷன். இந்த உயரத்துக்கு எப்படி ஏறினார்? ஒரு கையில் துண்டு, ஒரு கையில் ஏணி. எத்தனை இடத்தில் நின்று இருமியிருப்பார்? அவள் குளித்து வருவதற்குள் ஏறி, கட்டி, இறங்கி, ஒன்றும் தெரியாதவர் போலச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"யோவ்! எதுக்குய்யா இதைக் கட்டின?"

கேபினுக்குள்ளிருந்து சத்தம் மெதுவாக வந்தது. "அதுவும் என்னை மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான்."

பின்னாலிருந்து ஒரு டிரைவர் கத்தினான். "அக்கா, குடும்பச் சண்டைய மேல போயி வச்சுக்கலாமா?"

"வந்தேன்னா உன் ஹாரனப் பிடுங்கி உன் வாயிலேயே வைப்பேன், இருடா!"

முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உருவியதும், உள்ளே திணறிக்கொண்டிருந்த இன்ஜின் புஸ்ஸென்று ஒரு இழுப்பு இழுத்தது. அவள் முகத்துக்கு முன்னால் விழுந்திருந்த முடிகூட அந்தப் பக்கம் பறந்தது. கண்ணாடிக் குழாயில் சிவப்பை இறக்க அடியில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

செங்குத்து மேடு, முழு லோடு, நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். பின்னால் வழுக்கினால் நம்பர் மட்டுமா போகும்? முதல் கியர் போட்டு, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

வண்டி பின்னால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. முன்னால் போனது. ஏதோ பெரிய கை ஒன்று அடியில் தாங்கித் தூக்குகிற மாதிரி. மிதித்தாள். இதுவரை அந்த லாரியில் கேட்டிராத ஒரு சத்தம், மெல்லிய விசில், எங்கோ ஆழத்திலிருந்து ஏறி ஏறி வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். புகை இல்லை, பின்னால் வருகிற லாரியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. எப்போதும் முதல் கியரிலேயே தவழ்கிற இடத்தில் இரண்டாவது கியர் விழுந்தது.

"விசில் அடிக்குதுடி!" என்றார் அவர்.

"பேசாத. கேக்கட்டும்."

மேட்டு உச்சிக்கு வந்ததும் கொழுந்தன் ஓடி வந்தான். "என்ன அண்ணி, புகையே காணோம்? இன்ஜின அணைச்சிட்டு அண்ணனை விட்டுத் தள்ளச் சொன்னீங்களா?"

சூப்பர்வைசர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "கொட்டிட்டுக் கீழ போங்கக்கா. அடுத்த லோடு காத்துக்கிட்டிருக்கு," என்றார். அவ்வளவுதான். அவள் காதில் அது தேனாக விழுந்தது.

கல்லைக் கொட்டினாள். கிளம்பலாம் என்று திரும்பினால் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. பின்னால் ஏணியில் இருமல் கேட்டது. இரண்டு படிக்கு ஒருதரம் நின்று நின்று மனுஷன் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தார், இந்தத் தடவை வெறுங்கையோடு.

"இறங்குய்யா! விழுந்து தொலைக்காத!"

"ஒரு மிதி மிதி," என்றார்.

திட்ட வாயெடுத்தவள் மிதித்தாள். அவர் உள்ளங்கையை அந்த மூக்குக்கு நேரே, சற்றுத் தள்ளிப் பிடித்தார். இழுப்பில் சட்டைக்கை படபடத்தது. அவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"எப்படி இழுக்குது பாருடி," என்றார். "அடேயப்பா. எப்படி இழுக்குது!"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று அவள் இன்னொரு தரம் மிதித்தாள்.